பென்டியம் 3 கணினி: டிரைவ்களும் மோடமும் உழைத்த விதம்

2001-இல் அசெம்பிள் செய்து வாங்கிய பென்டியம் 3 இன்னும் ஓடுகிறது. விண்டோஸ் 98, ஃப்ளாப்பி டிரைவ், 52 எக்ஸ் சிடி டிரைவ், போன் லைன் வழியே இன்டர்நெட்டில் இணைக்கும் மோடம். பிராசசரும் மதர்போர்டும் தொல்லை தந்ததே இல்லை. ரிப்பேர் வந்ததெல்லாம் சுழலும் பாகங்களிலும், வெளியே இருந்து வயர் வந்து சேரும் இடத்திலும்தான்.

அதிகம் பாடாய்ப்படுத்தியது ஃப்ளாப்பி. 1.44 எம்பிதான் கொள்ளும் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடலோர ஊர் ஈரத்தில் டிஸ்க்கில் பூஞ்சை பிடிக்கும். மேலிருக்கும் தகட்டை விரலால் தள்ளிப் பார்த்தால் பழுப்பு வட்டில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். அதை அப்படியே உள்ளே தள்ளினால் அழுக்கு டிரைவின் படிக்கும் முனையான ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கையும் கெடுத்துவிடும். போடும் முன் பார்த்துவிடுவது என் வழக்கம். கேபினெட்டைத் திறந்து மூடிய பிறகு டிரைவின் பச்சை விளக்கு அணையாமலே எரிந்தால் பயப்பட வேண்டாம், கேபிள் திருப்பி மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

சிடி டிரைவ் பரவாயில்லை. ஆனால் 52 எக்ஸ் என்பது பாதி விளம்பரம். ஒரு எக்ஸ் என்றால் நொடிக்கு 150 கேபி. அந்தக் கணக்கில் 7.8 எம்பி வர வேண்டும். அது வட்டின் வெளி ஓரத்தில் மட்டும்தான் கிடைக்கும், சிடியோ உள்ளிருந்து வெளியே நோக்கிப் பதிவாகிறது. பாதி நிரம்பிய சிடியில் அந்த வேகத்தைக் காணவே முடியாது, மிக்சி போட்ட சத்தம் மட்டும் மிச்சம். நடுத்துளை அருகே விரிசல் விட்ட சிடியை இதில் போடவே கூடாது, உள்ளேயே சிதறிவிடும். சில வருடங்களில் தட்டு வெளியே வர மறுத்தது. மோட்டார் போகவில்லை, ரப்பர் பெல்ட் கெட்டிப்பட்டு வழுக்கியது. பெல்ட்டை மாற்றும்வரை முன்புறச் சிறு துளையில் நிமிர்த்திய ஜெம் கிளிப்பை விட்டுத்தான் திறந்தேன். பின்னால் சிடி எழுதும் ரைட்டரை அதே கேபிளில் சேர்த்தபோது, டிரைவின் பின்புற ஊசிகளில் மாட்டும் ஜம்பரில் ஒன்றை மாஸ்டர், மற்றதை ஸ்லேவ் என்று வைத்ததும் இரண்டும் ஒழுங்காகத் தெரிந்தன.

மோடத்தைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். முதலில் கூடவே வந்த இன்டர்னல் மோடம், தன் வேலையில் பெரும்பகுதியை பிராசசர் தலையில் கட்டும் ரகம். லினக்ஸில் அதை எழுப்பவே முடியவில்லை. ஐப்பசி மழையில் ஒரு இடி, போன் லைன் வழியே வந்து அதன் கதையை முடித்தது. கரன்ட் பிளக்கைப் பிடுங்கினால் போதும் என்றுதான் தெருவில் பலரும் இருந்தார்கள். போன் வயரையும் கழற்ற வேண்டும்.

அடுத்து வாங்கிய சீரியல் போர்ட் எக்ஸ்டர்னல் மோடம் விலை அதிகம், ஆனால் கொடுத்த காசுக்கு உழைத்தது. இயங்காமல் ஹேங் ஆகி நின்றால் மோடத்தை மட்டும் அணைத்துப் போட்டால் போதும். டயல் டோன் இல்லை என்று அடம்பிடிக்கும்போது கூடுதல் செட்டிங்கில் ஏ.டி.எக்ஸ்.3 என்று கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். 56 கே, அதாவது நொடிக்கு 56 கிலோபிட், என்பது இறங்குவதற்கு மட்டும், வி.90 என்ற மோடம் தரமுறையில் ஏறுவது 33.6 தான். எங்கள் லைனில் நொடிக்கு 4, 5 கேபி வந்தாலே பெரிய விஷயம். 5 எம்பி பாட்டுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல். நடுவில் யாராவது அதே லைனில் இருக்கும் பேரலல் போனை எடுத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பழைய பாகம் தேடுபவர்கள் மோடத்தை அடாப்டரோடு கேட்டு வாங்குங்கள், தனியாகக் கிடைப்பது சிரமம். சிடி டிரைவ் என்றால் கடையிலேயே தட்டை நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். ஃப்ளாப்பி டிரைவுக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்பேன். இருக்கும் டிஸ்க்குகளைக் காப்பி எடுக்க யாரிடமாவது இரவல் வாங்கினால் போதும்.