இம்பிளனான் என்எக்ஸ்டி: கையில் வைக்கும் கருத்தடைக் குச்சி யாருக்குச் சரிவரும்?

சிங்கப்பூரில் அவசரக் கருத்தடை மாத்திரை வாங்கவும் மருத்துவர் சீட்டு வேண்டும். தினசரி மாத்திரையை அடிக்கடி மறந்துவிட்டு அந்தச் சீட்டுக்காக மருந்தகத்தில் (கிளினிக்கில்) காத்திருப்பவர்கள்தான் இந்தக் குச்சியை முதலில் யோசிக்க வேண்டியவர்கள். நீளம் 4 சென்டிமீட்டர், தடிமன் 2 மில்லிமீட்டர். தீக்குச்சி போல, ஆனால் வளையும். உள்ளே 68 மில்லிகிராம் எட்டோனோஜெஸ்ட்ரல் ஹார்மோன். மேல்கையின் உட்புறத் தோலுக்கடியில் வைத்தால் 3 ஆண்டுகளுக்குக் கருமுட்டை வெளியாவதைத் தடுக்கும். ஓராண்டில் 1,000 பேரில் ஒருவருக்குக்கூடக் கரு தங்குவதில்லை. மாத்திரையிலோ, நடைமுறை மறதியையும் சேர்த்துக் கணக்கிட்டால், 100க்கு ஏறக்குறைய 7 பேர்.

இந்த வகைக்கு முன்னோடியான, 1983ல் பின்லாந்து அனுமதித்த நார்பிளான்டில் 6 குச்சிகள்; வைப்பதைவிட எடுப்பதுதான் பெரும்பாடு. பின்னர் வந்த இம்பிளனானில் ஒரே குச்சி. ஆனால் அது எக்ஸ்-ரேயில் தெரியாது. ஊசியிலிருந்து நழுவி விழுந்து, கைக்குள் எதுவுமே போகாமல் வீடு திரும்பி, பிறகு கருவுற்றவர்களும் உண்டு. என்எக்ஸ்டி இந்த இரண்டையும் சரிசெய்திருக்கிறது: குச்சியில் பேரியம் சல்பேட் கலந்திருப்பதால் எக்ஸ்-ரேயில் தெரிகிறது. கருவியின் ஊசியைத் தோலுக்கடியில் முழு நீளமும் செலுத்தி, ஊதா நிற விசையைக் கடைசிவரை பின்னால் இழுத்தால் ஊசி பின்வாங்கும், குச்சி அங்கேயே தங்கும். முழுதாகச் செலுத்தும் முன்பே இழுத்தால் குச்சியின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஊசி முனையால் தோலைத் தூக்கிப் பிடிக்காமல் செலுத்தினால் ஆழமாகப் போய்விடும். பிற்பாடு எடுக்கும்போது வரும் தொல்லைக்கெல்லாம் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எனவே அறையைவிட்டு வெளியே வரும் முன் மருத்துவரும் தடவிப் பார்க்க வேண்டும், நீங்களும் தடவிப் பார்க்க வேண்டும். இரு முனையும் விரலுக்குத் தட்டுப்படாவிட்டால், எக்ஸ்-ரேயிலோ ஸ்கேனிலோ உறுதியாகும்வரை ஆணுறைதான். மரத்துப்போகும் ஊசி போட்டபின் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். இறுக்கக் கட்டு 24 மணி நேரம், சிறிய பிளாஸ்திரி 3 முதல் 5 நாள். மாதவிடாயின் முதல் 5 நாளுக்குள் வைத்தால் உடனே பாதுகாப்பு. மற்ற நாள்களில் வைத்தால் 7 நாள் ஆணுறை வேண்டும்.

இனி உண்மையான சிக்கல்: உதிரப்போக்கு. "வச்சா பீரியட் நின்னுடும்" என்று சொல்லி விற்பது பாதிப் பொய். ஆய்வுக் காலத்தை 90 நாள் பகுதிகளாகப் பிரித்துப் பார்த்தால் அடியோடு நின்றது 22 விழுக்காட்டுப் பகுதிகளில், அபூர்வமாக வந்தது 34 விழுக்காட்டில். 18 விழுக்காட்டில் நாள்கணக்கில் நீண்டது, 7 விழுக்காட்டில் அடிக்கடி வந்தது. ஏறத்தாழ 11 விழுக்காட்டினர் இதனாலேயே குச்சியை எடுத்துவிட்டார்கள். அளவு குறைவுதான், எந்த நாளில் வரும் என்று தெரியாததுதான் தொல்லை. தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டவர் மார்கழியில் போய் இதை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனமல்ல. முதல் 3 மாதம் தொல்லையில்லாமல் போனால், மீதிக் காலமும் பெரும்பாலும் அப்படித்தான். தொடக்கத்தில் தொல்லை கொடுத்தாலும் பிறகு குறைய வாய்ப்புண்டு. பொறுக்க முடியாவிட்டால் மருத்துவர் மெஃபனமிக் அமிலம் என்ற வலி மாத்திரையோ, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஒத்துக்கொள்பவருக்குச் சில காலம் அது கலந்த கூட்டுக் கருத்தடை மாத்திரையோ தருவார். முகப்பரு கூடுவதும் உண்டு.

குச்சியில் ஈஸ்ட்ரோஜன் இல்லாததால் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும், கண்முன் ஒளி மின்னும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் கூட்டு மாத்திரையைவிட இது ஏற்றது. மார்பகப் புற்றுநோய், கடுமையான கல்லீரல் நோய், காரணம் தெரியாத உதிரப்போக்கு இருந்தால் வேண்டாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெப்பின், ஃபெனிடோயின், ஏன், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை மாத்திரைகூட இதன் வேலையைக் கெடுக்கும். காசநோய் சிகிச்சை தொடங்கும்போது கையில் குச்சி இருப்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பால்வினை நோயை இது தடுக்காது.

எடுக்கும்போது தோள்பக்க முனையை அழுத்தினால் முழங்கைப்பக்க முனை மேலெழும். அங்கே 2 மில்லிமீட்டர் கீறல் போதும். கையில் தட்டுப்படாத குச்சியைத் துழாவி எடுக்க யாரையும் விடாதீர்கள். நரம்புகள் பக்கத்திலேயே ஓடுகின்றன. முதலில் ஸ்கேன், பிறகு மருத்துவமனை. எடுத்த சில வாரங்களிலேயே கருத்தரிக்கும் வாய்ப்பு திரும்பிவிடும்.

கட்டணம் மருந்தகத்துக்கு மருந்தகம் வேறுபடுகிறது. சொல்லும் தொகையில் மருத்துவர் ஆலோசனைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேர்த்தியா, எடுப்பதற்குத் தனியாகக் கட்ட வேண்டுமா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே மாதவிடாயில் உதிரம் கொட்டுபவராக இருந்தால், இந்தக் குச்சிக்குப் பதில் கருப்பையில் வைக்கும் 52 மில்லிகிராம் லெவோனோஜெஸ்ட்ரல் ஹார்மோன் சாதனமான மிரீனாவைப் பற்றி விசாரிப்பதே நல்லது.