தெர்மல் ஸ்கேன் எடுக்க வருகிறவர்களிடம் முதலில் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்

எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். அதன் மின்சாரப் பராமரிப்பு இரண்டு வருடமாக என் தலையில்தான் விழுந்திருக்கிறது. நான் இந்தத் துறை ஆள் கிடையாது. அதனால்தான் ஏமாந்தேன். இனி ஏமாறப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மீட்டர் அறைப் பக்கம் போனால் ஏதோ கருகிய வாடை வருகிறது என்று தரைத்தளத்துப் பெரியவர் இரண்டு முறை சொல்லிவிட்டார். எலக்ட்ரீஷியன் வந்தார், மெயின் பேனலைத் திறந்து மோந்து பார்த்தார், நாலு ஸ்க்ரூவை முறுக்கினார், "ஒண்ணும் இல்ல சார்" என்று போய்விட்டார். வாடை போகவில்லை. கூட்டத்தில் யாரோ தெர்மல் ஸ்கேன் எடுக்கலாமே என்றார்கள். எனக்கும் சரி என்று பட்டது.

இப்போதும் சொல்கிறேன், அந்த யோசனை சரியானதுதான். எந்தப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்றபடி அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. தெர்மல் கேமரா அதைப் பிடித்து நிறமாக மாற்றிக் காட்டும். ஸ்க்ரூ தளர்ந்த இடத்தில் கரண்ட்டுக்கு எதிர்ப்பு கூடும், கரண்ட் ஓடும்போது அந்த இடம் மட்டும் கொதிக்கும். மின்சாரத்தை நிறுத்தாமல், எதையும் தொடாமல், கருகுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். குறை கருவியில் இல்லை.

நாங்கள் அழைத்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை, உள்பெட்டியில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அவர்கள் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

"காலையில 11 மணிக்கு வர்றோம் சார், அப்பதான் ஆள் நடமாட்டம் இருக்காது, உங்களுக்கும் தொந்தரவு இல்ல" என்றார்கள். எவ்வளவு பொறுப்பான பசங்க என்று நினைத்துக்கொண்டேன். வேலை நாள். வீடுகளில் பாதிப் பேர் வெளியே. ஏசி, ஹீட்டர், வாஷிங் மெஷின் எதுவும் ஓடவில்லை. இரண்டு பேர் வந்தார்கள். மெயின் பேனல், தண்ணீர் மோட்டார் பேனல் இரண்டின் கதவை மட்டும் திறந்தார்கள், மாடிகளில் வீடுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டிகளின் முன்னால் நின்று கிளிக், கிளிக். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. மாடிப் பெட்டிகளின் சாவிக்கொத்து அந்த நேரம் முழுக்க என் சட்டைப்பையில் இருந்தது. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நான்கு நாளில் அறிக்கை வந்தது. 42 பக்கம், வழவழ தாள், பக்கத்துக்குப் பக்கம் சிவப்பும் மஞ்சளுமாகப் படம். ஏழு இடங்களில் 'அபாயம்' என்று முத்திரை. அவற்றைச் சரிசெய்யும் வேலையையும் அவர்களே எடுத்துக்கொள்வதாகக் கடைசிப் பக்கத்தில் மதிப்பீடு. பார்ப்பதற்கே பயமாக இருந்தது. கூட்டத்தில் அந்தப் படங்களைக் காட்டியதும் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. எரிகிற மாதிரி ஒரு படத்தைக் காட்டினால் யார்தான் பேசுவார்கள்? பணம் கட்டினோம். ஒரு பிரேக்கர், தண்ணீர் மோட்டார் பேனலில் மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் ஒரு கன்டாக்டர், பேனலுக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் செம்புப் பட்டையான பஸ்பாரில் 'ட்ரீட்மென்ட்' என்று ஏதோ ஒன்று. முடித்துவிட்டுப் போனார்கள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு ராத்திரி, ஒன்பதரை மணி இருக்கும். எங்கள் வீட்டு டியூப்லைட் மங்கிப்போய் முனகியது. எதிர்வீட்டில் பல்புகள் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்தன. யார் வீட்டிலோ பட்டென்று ஒரு சத்தம். மேல்மாடித் தம்பி மல்டிமீட்டரோடு ஓடி வந்து பார்த்தபோது எங்கள் வீட்டு பிளக்கில் 140 வோல்ட், எதிர்வீட்டில் 310. மெயினை இறக்கினோம். அதற்குள் மூன்று ஃபிரிட்ஜ், இரண்டு டிவி, சில வீடுகளின் இன்டர்நெட் பெட்டிகள் போய்விட்டன.

நியூட்ரல் அறுந்திருந்தது. மூன்று ஃபேஸில், அதாவது மூன்று தனித்தனி ஒயர்களில், வரும் மின்சாரத்தை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது எல்லாவற்றுக்கும் பொதுவான திரும்பும் வழி இந்த நியூட்ரல்தான். அது விட்டுப்போனால் இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவில் இருக்கும் 400 வோல்ட்டை வீடுகள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். குறைவாக மின்சாரம் எடுக்கிற வீட்டுக்கு அதிக வோல்ட் போய்ச் சேரும். டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்த வீடு முதலில் அடிவாங்கும்.

இரண்டாவது மாடி டிபி பெட்டியைத் திறந்தோம். நியூட்ரல் ஒயர்களை ஒன்றாக இணைக்கும் உலோகப் பட்டையான நியூட்ரல் லிங்கின் கீழே இருந்த பிளாஸ்டிக் உருகி வழிந்து உறைந்திருந்தது. கேபிள் முனையில் மாட்டும் அலுமினிய லக் கரியாகி, ஓரத்தில் சுண்ணாம்புத் தூள் மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ஒரே ராத்திரியில் இப்படி ஆகாது, மாதக்கணக்கில் கருகியிருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். பெரியவர் மோந்த வாடை இதுதான். டக்ட் வழியாகக் கீழே இறங்கி மீட்டர் அறையில் வீசியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து அறிக்கையைத் தேடி எடுத்தேன். 23ஆம் பக்கம்: இரண்டாவது மாடி டிபி, 'நார்மல்'. தெர்மல் படம் சீரான நீல நிறம். பக்கத்தில் சாதாரண ஃபோட்டோ. அதில் பெட்டியின் கதவும் கதவில் மாட்டிய பூட்டும் தெளிவாகத் தெரிந்தன. பூட்டிய இரும்புக் கதவுக்கு வெப்பம் பார்த்துவிட்டு நார்மல் என்று எழுதியிருக்கிறார்கள். தெர்மல் கேமரா எக்ஸ்ரே கிடையாது. அது மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கும். தகரத்தின் ஊடாகப் பார்க்காது, கண்ணாடி ஊடாகப் பார்க்காது, நம் கண்ணுக்கு அப்பட்டமாகத் தெரியும் அக்ரிலிக் ஷீட்டின் ஊடாகவும் பார்க்காது. நான் ஒரு தடவை அந்தப் பக்கத்தை ஒழுங்காகப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். சிவப்புப் பக்கங்களைத்தான் பார்த்தேன். நீலப் பக்கங்களை யார் பார்க்கிறார்கள்?

இதற்குப் பிறகு ஒரு நண்பர் மூலமாக வேறொருவரை அழைத்தோம். தொழிற்சாலைகளில் பல வருடம் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ஃபோனில் கேட்ட முதல் கேள்வி: "உங்க கட்டடத்துல எப்ப கரண்ட் அதிகமா ஓடும் தம்பி?" ராத்திரி ஏழு, எட்டு மணிக்கு என்றேன். "அப்ப ஏழரைக்கு வர்றேன். எல்லாரையும் ஏசி, ஹீட்டர் போடச் சொல்லுங்க."

வந்தவர் மின்காப்புக் கையுறை போட்டார், முகக்கவசம் மாட்டினார், என்னைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். மின்சாரம் ஓடும் பெட்டியைத் திறக்கும்போது ஸ்க்ரூ ஒன்று தவறி விழுந்தால்கூட ஆர்க் என்கிற மின்பொறி அடித்து முகம் வெந்துவிடுமாம். அந்த இரண்டு பையன்கள் செருப்போடு வந்தது ஞாபகம் வந்தது. எல்லாப் பெட்டிகளின் மூடியையும் கழற்றினார். ஒவ்வொரு கேபிளிலும் கிளாம்ப் மீட்டர் மாட்டி எவ்வளவு ஆம்பியர் என்று எழுதிக்கொண்ட பிறகுதான் கேமராவையே எடுத்தார்.

கட்டடத்தின் இன்னொரு பக்கத்தில், மூன்றாவது மாடிப் பெட்டியில், நின்றுவிட்டார். "இங்க பாருங்க." ஃபேஸ் ஒயர்கள் மூன்றும் 43 டிகிரிக்குப் பக்கத்தில். நியூட்ரல் லிங்க் 88. ஸ்க்ரூ இருக்கும் இடம் வெள்ளையாக ஜொலித்தது, அங்கிருந்து ஒயர் வழியாகப் போகப் போக ஆரஞ்சு, ஊதா என்று நிறம் இறங்கியது. இப்படி ஒரு முனையில் தொடங்கி மங்கிக்கொண்டே போனால் அது லூஸ் கனெக்‌ஷன். ஒயர் முழுக்க ஒரே சீராகச் சூடாக இருந்தால் அது ஓவர்லோடு. மூன்று ஃபேஸிலும் நியூட்ரலைவிட அதிக கரண்ட் ஓடுகிறது, குறைவாக ஓடும் நியூட்ரல் மட்டும் இரண்டு மடங்கு சூடு. இதைப் புரிந்துகொள்ள எனக்கே விளக்கம் தேவைப்படவில்லை. அலுமினியக் கேபிளைப் பித்தளை லிங்கில் சாதாரண லக் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக்கொண்டே போகும் உலோகம், வருடங்கள் போகப்போகப் பிடி தளரும். அடுத்து அறுந்திருக்க வேண்டியது அந்த நியூட்ரல்தான்.

அந்தக் கேபிளில் ராத்திரி 62 ஆம்பியர். மறுநாள் காலை 11 மணிக்கு அவரே வேண்டுமென்று வந்து மறுபடி அளந்தார். 9 ஆம்பியர். சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும் என்பதால், 62இலிருந்து 9க்கு இறங்கினால் அங்கே உண்டாகும் வெப்பம் கிட்டத்தட்ட 47இல் ஒரு பங்காகிவிடும். ராத்திரி 45 டிகிரி வித்தியாசம் காட்டிய இடம் காலையில் ஒரு டிகிரிதான் காட்டும். மூடியைத் திறந்திருந்தால்கூட அவர்கள் கண்ணில் அது பட்டிருக்காது. மின்சாதனப் பராமரிப்புக்கான அமெரிக்கத் தரநிலையான என்எஃப்பிஏ 70பி, குறைந்தபட்சம் 40 சதவீத லோடாவது ஓடும்போதுதான் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்கிறது என்றார். தொழிலில் இருப்பவருக்கு இது அரிச்சுவடி. அவர்கள் அறிக்கையிலும் 'லோடு' என்று ஒரு கட்டம் இருந்தது. 42 பக்கத்திலும் அது காலி.

அப்புறம் அந்த ஏழு 'அபாயங்கள்'. டீயைக் குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாற்றிய பிரேக்கரின் படத்தில் ஓரமாக ஒரு நிறப் பட்டை இருந்தது, அதன் கீழே 29.1, மேலே 31.4. கேமராவைத் தானாக அளவு எடுத்துக்கொள்ள விட்டால், படத்தில் இருக்கும் மிகக் குறைந்த சூட்டுக்கு நீலம், மிக அதிகமானதுக்குச் சிவப்பு என்று அதுவே பிரித்துப் போட்டுவிடும். வித்தியாசம் 2.3 டிகிரியாக இருந்தாலும் படம் தீப்பிடித்த மாதிரி இருக்கும். மின்சாதனச் சோதனைக்கான நெட்டா என்ற அமைப்பின் அட்டவணைப்படி, ஒரே மாதிரி லோடில் இருக்கும் பாகங்களுக்குள் 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால்தான் உடனே சரிசெய்ய வேண்டிய பெரிய குறை. ஒன்றிலிருந்து மூன்று டிகிரி என்றால், என்னவென்று கவனித்துப் பார்க்கலாம் என்ற அளவுதான்.

கன்டாக்டர் 55 டிகிரி என்று மாற்றினார்களே, அதற்குள் ஒரு காயில் இருக்கிறது, மோட்டார் ஓடும்போதெல்லாம் அதில் கரண்ட் இருக்கும், அது சூடாகத்தான் இருக்கும். புதிதாகப் போட்டதை அவர் கேமராவில் காட்டினார். 55.

சிரிப்பு வந்தது பஸ்பாரில்தான். பளபளக்கும் செம்புப் பட்டையின் நடுவில் ஒரு மஞ்சள் உருண்டை, அதற்கு 'ஹாட் ஸ்பாட்' என்று அம்புக்குறி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "தம்பி, இந்த ஹாட் ஸ்பாட்டுக்குத் தோள் இருக்கு பாருங்க." உண்மைதான். ஒரு தலை, இரண்டு தோள். பளபளப்பான உலோகம் தன் சூட்டை மிகக் குறைவாகத்தான் வெளிவிடும், எதிரில் இருப்பதன் சூட்டைக் கண்ணாடி மாதிரித் திருப்பிக் காட்டும். படம் எடுத்தவனின் உடம்புச் சூட்டுக்கு எங்களிடம் ட்ரீட்மென்ட் காசு வாங்கியிருக்கிறார்கள். எங்கள் பேனல் முன்னால் கேமராவை வைத்து என்னை அசையச் சொன்னார். நான் நகர்ந்தபோது அந்த உருண்டையும் நகர்ந்தது. நிஜமான சூடு ஆள் நகர்ந்தால் நகராது. இந்த மாதிரி இடத்தை அளக்க வேண்டுமென்றால் மின்சாரத்தை நிறுத்தி, பட்டையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, மறுபடி லோடு ஏற்றி, அந்த டேப்பின் மேல் அளப்பார்களாம்.

நிறுவனத்துக்கு ஃபோன் செய்தேன். "அன்னைக்கு இருந்த நிலைமையைத்தான் சார் படம் காட்டும், அப்புறம் ஆனதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டும் இருந்தது. சரி, மூலப் படக் கோப்புகளையாவது கொடுங்கள் என்றேன். தெர்மல் கேமரா எடுக்கும் அசல் கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் வெப்பநிலை பதிவாகியிருக்கும், வேறு யாரும் அதைத் திறந்து அளவுகளைச் சரிபார்க்கலாம். அது கம்பெனி சொத்து, தர முடியாது என்றார்கள். புகார் கொடுத்திருக்கிறோம், இழுத்துக்கொண்டிருக்கிறது. பூட்டு தெரிகிற அந்த 23ஆம் பக்கம்தான் எங்கள் கையில் இருக்கும் ஒரே உருப்படியான சாட்சி.

இரண்டாவது முறை எழுதிய வேலை ஆணையில் இதையெல்லாம் சேர்த்தேன்: சோதனை நேரத்தை நாங்கள்தான் சொல்வோம். மூடி திறக்காத பெட்டிக்கு 'நார்மல்' என்று எழுதக் கூடாது, 'பார்க்கவில்லை' என்று எழுத வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஆம்பியர் வேண்டும், அசல் கோப்பு வேண்டும். முக்கியமாக, சோதிக்கிறவரே பழுது வேலையை எடுக்கக் கூடாது. இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு இரண்டு நிறுவனங்கள் திரும்பப் பேசவே இல்லை.

அந்த மூன்றாவது மாடி லிங்க்கில் இரட்டை உலோக லக் போட்டு, சரியான அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கினோம். போன வாரம் அதே ஏழரை மணிக்கு, எல்லா வீட்டிலும் ஏசி ஓட, ஓய்வு பெற்ற அந்த நிபுணர் மறுபடி வந்து பார்த்தார். 60 ஆம்பியர், 41 டிகிரி. இரண்டாவது மாடியில் இன்னும் ஒரு லிங்க் பாக்கி இருக்கிறது, வரும் ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் கட்டடத்தில் மின்சாரம் இருக்காது.