ஒரே தொடர், பல விலை: அனிமே தட்டுகளின் விலை எந்த வழியில் இறங்கும்?

1990-களின் கடைசியில் அமெரிக்காவில் 'நியான் ஜெனிசிஸ் இவாஞ்சலியன்' என்ற அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர் முழுவதையும் காசு கொடுத்து வாங்க நினைத்தவர் 13 விஎச்எஸ் வீடியோ கேசட்டுகளை வாங்க வேண்டியிருந்தது. தொடரில் இருப்பது 26 எபிசோடு, கேசட்டுக்கு இரண்டு. சப்டைட்டில் போட்ட கேசட் ஒன்று ஏறக்குறைய 30 டாலர் என்றால் மொத்தம் 390 டாலர். அதன்பின் அதே தொடர் 8 டிவிடிகளாக வந்தது. ஒன்று மறுபடியும் 30 டாலர் பக்கம்தான், ஆனாலும் மொத்தம் 240-க்கு இறங்கிவிட்டது. 2019 ஜூனில் நெட்ஃபிளிக்ஸ் மாதச் சந்தாவுக்குள்ளேயே அது கிடைத்தது. டிவிடிக்கு அடுத்த தலைமுறைத் தட்டான புளூரேயில் 2021-ல் வந்த சாதாரணப் பெட்டி நூறு டாலருக்கும் கீழே.

பொருள் ஒன்றுதான், விலை மட்டும் படிப்படியாகச் சரிந்திருக்கிறது. ஜப்பானிலிருந்து வரும் அனிமே ஏன் இவ்வளவு விலை என்று கேட்கும்போதெல்லாம் கப்பல் கூலி, சுங்கம், பெட்டியின் அழகு என்று பதில் வருகிறது. அவற்றுக்கும் பங்கு உண்டு, ஆனால் சிறிய பங்கு. டிவிடி, புளூரே தட்டை அச்சடிக்க ஆகும் செலவு விலையில் ஒரு துளி. மற்றதில் பெரும்பகுதி முதல் தட்டு விற்பதற்கு முன்பே செலவாகிவிட்ட பணம். அதை எத்தனை பேர் தோளில் பிரித்து ஏற்றுகிறார்கள் என்பதில்தான் விலை நிற்கிறது.

அந்த முன்பணத்தில் பெரியது உரிமத் தொகை. நம் ஊர் படவிநியோகத்தில் 'எம்.ஜி.' (மினிமம் கேரண்டி) என்பார்களே, அதேதான் அங்கேயும். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்தத் தொகை உறுதி என்று முதலிலேயே கட்டிவிட வேண்டும். அதன்மேல் மொழிபெயர்ப்பு, டப்பிங், தட்டுக்கான மாஸ்டர் எனும் மூலப் பிரதி, கடைக்காரர் பங்கு, விற்காமல் திரும்பி வரும் சரக்கு. பிரிட்டனில் தணிக்கைக் கட்டணமும் சேரும். 1984-ல் வந்த வீடியோ சட்டப்படி விற்பனைக்கு வரும் வீடியோ சான்றிதழ் பெற வேண்டும், கட்டணம் நிமிடக் கணக்கில். 26 எபிசோடு ஓடும் ஒரு தொடருக்கு இது சின்னச் செலவல்ல. ஹாலிவுட் படம் இதையெல்லாம் லட்சக்கணக்கான பிரதிகளில் கரைத்துவிடும். அனிமே கேசட் அந்தக் காலத்தில் சில ஆயிரம் போனாலே நிம்மதி.

சப்டைட்டிலா, டப்பிங்கா?

விஎச்எஸ் காலத்து ரசிகர்கள் இதற்காக அடித்துக்கொண்டதை ரசனைச் சண்டை என்றுதான் பலரும் நினைவுவைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் விலைப்பட்டியல்தான் முக்கியமாகப் படுகிறது. டப்பிங் கேசட் 20, 25 டாலர். சப்டைட்டில் கேசட் 30, சிலசமயம் 35. டப்பிங் என்றால் குரல் நடிகர்கள், இயக்குநர், ஒலிப்பதிவுக் கூடம் எல்லாம் வேண்டும். சப்டைட்டிலுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரும் எழுத்தை நேரத்தோடு பொருத்துபவரும் போதும். செய்யச் செலவு குறைந்த பொருள் கூடுதல் விலைக்கு விற்றது! காரணம் எளிது. டப்பிங் கேசட்டைத் தெருவில் போகிறவரும் வாங்குவார், சப்டைட்டிலை வாங்குபவர் தீவிர ரசிகர் மட்டுமே. அவர்கள் கொஞ்சம் பேர். எத்தனை ரூபாய் சொன்னாலும் வாங்குவார்கள் என்பதும் விற்பவருக்குத் தெரியும்.

இந்தச் சண்டையை முடித்துவைத்தது டிவிடி. இரண்டு ஒலித்தடங்களும் எழுத்தும் ஒரே தட்டில் அடங்கின. இரண்டு கூட்டமும் ஒரே பொருளை வாங்க ஆரம்பித்ததும் எபிசோடு ஒன்றின் விலை இறங்கியது. ஊர் கூடித் தேர் இழுத்தது இங்கேதான்.

ஜப்பான் விலையா, அமெரிக்க விலையா?

ஜப்பானில் ஒரு புளூரேயில் இரண்டு எபிசோடு, விலை 6,000 முதல் 7,000 யென் என்பது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. 12 எபிசோடு தொடரை முழுதாக வாங்க 40,000 யென் அளவுக்குப் போகும். அங்கே நள்ளிரவு அனிமேயைத் தயாரிப்பது பல நிறுவனங்கள் பணம் போட்டுச் சேர்ந்த தயாரிப்புக் குழு. தொலைக்காட்சியில் நேரம் பெற அந்தக் குழுவே பணம் கட்டுகிறது. ஒளிபரப்பு என்பது விளம்பரம் மாதிரி, போட்ட பணம் தட்டு விற்பனையில் திரும்ப வேண்டும். பல காலம் இப்படித்தான் கணக்கு ஓடியது. குறைவான பேர், நிறைய பணம்.

இந்தக் கணக்கை அப்படியே அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. 2005-ல் தொடங்கிய பண்டாய் விஷுவல் யுஎஸ்ஏ, இரண்டு மூன்று எபிசோடு கொண்ட தட்டுகளை 40 டாலர் அளவில் விற்றுப் பார்த்தது. அச்சும் உறையும் அருமையாக இருந்தும் 2008-லேயே கடை மூடப்பட்டது. அனிப்ளெக்ஸ் ஆஃப் அமெரிக்கா அதே பாதையில் போய்ப் பிழைத்தது. 2011-ல் 'தி கார்டன் ஆஃப் சின்னர்ஸ்' பெட்டியை 400 டாலர் அளவுக்கு, குறைந்த எண்ணிக்கையில் விற்றது. தீவிர ரசிகர் எண்ணிக்கை தெரிந்து அளவாக அச்சடித்தால் இந்த வழி நிற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதிதாக ஒருவர் இந்தக் கதைகளுக்குள் வர அது வாசல் திறக்காது. அதனால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

மலிவான அமெரிக்கத் தட்டு ஜப்பானுக்கே திரும்பி வந்துவிடுமோ என்ற பயமும் விலை விஷயத்தில் சேர்ந்துகொண்டது. ஒரு மண்டலத்துக்கான தட்டு வேறு மண்டலத்து பிளேயரில் பொதுவாக ஓடாது. டிவிடியில் ஜப்பான் 2-ஆம் மண்டலம், அமெரிக்கா 1-ஆம் மண்டலம், அதனால் தட்டு எல்லை தாண்டுவது கடினம். புளூரே வந்ததும் இரண்டு நாடும் ஒரே 'ஏ' மண்டலத்தில் சேர்ந்துவிட்டன. தன் ஊரில் 40,000 யென் சொல்லும் தொடரை ஜப்பானிய ரசிகர் அமெரிக்காவிலிருந்து சில ஆயிரம் யென்னுக்கு வரவழைக்க முடியும். உரிமையாளர்கள் பதறினார்கள். அமெரிக்க வெளியீட்டைத் தாமதப்படுத்தினார்கள், ஜப்பானிய ஒலியில் ஆங்கில எழுத்தை அணைக்க முடியாமல் பூட்டச் சொன்னார்கள். 2012-ல் அமெரிக்காவில் வந்த 'பெர்சோனா 4' அனிமே புளூரேயில் ஜப்பானிய ஒலியே இல்லை. காசு கொடுத்து வாங்கிய ரசிகருக்கு அந்தத் தொடரின் சொந்தக் குரல் கிடைக்காமல் போனது பெரிய அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஒற்றைத் தட்டா, மொத்தப் பெட்டியா?

2000-களின் நடுவில் அமெரிக்க நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு எம்.ஜி.யை ஏற்றின. ஒரே தொடருக்குப் பல லட்சம் டாலர் கட்டியவர்களும் உண்டு. அந்தப் பணத்தை எடுக்க ஒற்றை டிவிடிகளாக, 30 டாலர் வீதம் மாதக்கணக்கில் இழுத்து விற்றார்கள். இதற்குள் ரசிகர்களே எழுத்துப் போட்ட பிரதிகள் இணையத்தில் இலவசமாகப் பரவின. 2006 ஜனவரியில் அனிமே விற்பனைக்கு முக்கியமான சன்கோஸ்ட் கடைகளின் உரிமையாளரான மியூசிக்லாண்ட் திவாலானது. 2007-ல் ஜெனியன் என்ற அனிமே நிறுவனம் விநியோகத்தை நிறுத்தியது. 2009-ல் சென்ட்ரல் பார்க் மீடியா, ஏடிவி என்ற நிறுவனங்களும் போயின.

தப்பித்த இன்னொரு நிறுவனமான ஃபியூனிமேஷன் செய்த வேலை நேர்மாறானது. 13, 26 எபிசோடுகளை ஒரே பெட்டியில் அடைத்தது. வெளிவந்து நாளான தொடர்களைச் சுமார் 30 டாலருக்கு மலிவுப் பதிப்பாகத் திரும்ப இறக்கியது. டிஸ்கோடெக் மீடியா இன்னும் ஒரு படி மேலே போனது. பழைய தொடர்களின் சாதாரணத் தரப் படத்தை அப்படியே புளூரேயில் ஏற்றி, ஒரு தட்டுக்குள்ளேயே டஜன் கணக்கில் எபிசோடுகளை அடைக்கிறது. தட்டும் குறைவு, உறையும் சிறியது. நான் பார்த்த எல்லா வழிகளிலும் செலவை நேர்மையாகக் குறைக்கும் வழி இதுதான்.

தட்டா, சந்தாவா?

2006-ல் பயனர்கள் ஏற்றும் காணொளித் தளமாகத் தொடங்கிய கிரஞ்சிரோல், 2009 தொடக்கத்தில் முறையான உரிமத்தோடு ஜப்பான் ஒளிபரப்பை ஒட்டியே தொடர்களைத் தர ஆரம்பித்தது. தட்டில்லை, கடையில்லை, திரும்பி வரும் சரக்கில்லை. 2022-ல் இந்தியாவில் அதன் அடிப்படைச் சந்தா மாதம் 79 ரூபாய்க்கு இறங்கியது, அன்றைய கணக்கில் ஒரு டாலர். அமெரிக்காவில் அப்போது அதே சந்தா 7.99 டாலர். ஒரே தொடர், எட்டில் ஒரு பங்கு விலை. ஆள் கூடுவார்கள் என்று நம்பினால் விலை இறங்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதன்பின் 'சோலோ லெவலிங்' என்ற அனிமே தொடர் தமிழில் பேசியது.

சந்தாவில் எனக்குள்ள குறை வேறு. சோனியின் ஃபியூனிமேஷன் 117.5 கோடி டாலருக்குக் கிரஞ்சிரோலை வாங்கியது 2021 ஆகஸ்டில். 2024 ஏப்ரல் 2-ஆம் தேதி ஃபியூனிமேஷன் செயலி மூடப்பட்டபோது, தட்டோடு சேர்த்துக் கொடுத்த டிஜிட்டல் பிரதிகளும் போயின. இவாஞ்சலியனையே எடுத்துக்கொள்ளுங்கள். நெட்ஃபிளிக்ஸ் பதிப்பில் ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் 'ஃப்ளை மீ டு தி மூன்' என்ற முடிவுப் பாட்டு இல்லை. பழைய டிவிடி வைத்திருப்பவர் வீட்டில் அந்தப் பாட்டு இன்னும் ஒலிக்கிறது.

ஆகவே என் தேர்வு இப்படி. முதல்முறை பார்க்கச் சந்தா. மனதில் நின்றதை வைத்துக்கொள்ள, ஓரிரு வருடம் பொறுத்து வரும் மலிவுப் பெட்டி. வாங்குமுன் மண்டலத்தைப் பார்த்துவிடுங்கள்: இந்தியா டிவிடியில் 5, புளூரேயில் 'சி'. அமெரிக்கப் பெட்டி நம் வீட்டு பிளேயரில் ஓடாமல் போகலாம்.

இனி விலை இறங்க வேண்டுமென்றால் இந்த எல்லைச் சுவர்தான் முதலில் இறங்க வேண்டும். ஜப்பானும் தன் ஊரில் பெட்டி விலையைக் குறைத்தால் பூட்டுக்கும் தாமதத்துக்கும் வேலையில்லை. மாஸ்டர் ஒன்றைச் செய்து பல நாடுகள் பகிர்ந்துகொள்ளலாம். தமிழ் டப்பிங்குக்குச் செலவு ஏற்கெனவே செய்தாயிற்று, ஒரு புளூரேயில் அது இன்னொரு ஒலித்தடம், அவ்வளவுதான். அப்படி ஒரு பெட்டி நியாயமான விலைக்கு வரட்டும், முதல் நாளே வாங்க நான் இருக்கிறேன்.