சிஸ்டன் ஒழுகலுக்கு 18,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், ஹட்டன் பக்கம் இருப்பவர்கள் கவனம்

கோபம் அடங்கியதும் எழுதலாம் என்று பார்த்தேன், அடங்குவதாக இல்லை. 18,500 ரூபாய். டொய்லட் சிஸ்டனில் தண்ணீர் நிரப்புகிற ஒரு பிளாஸ்டிக் வால்வுக்கு.

எங்கள் வீட்டுக்கு வருவது மலை ஊற்றுத் தண்ணீர், மழை பிடித்தால் மண்ணோடு கலங்கி வரும். போன வாரம் ஒரு ராத்திரி முழுக்க சிஸ்டன் ஸ்ஸ்ஸ் என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. நிரம்பின பிறகும் வால்வு மூடாமல், தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகக் கொமட்டுக்குள் ஓடி, விடியும்போது மேலே தாங்கி காலி. அம்மா முழங்கால் வலியோடு வாளி தூக்குகிறார். அந்த அவசரத்தில் வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஒன்லைன் சேவையில் பதிந்தேன். பெயர் போடவில்லை, போட்டால் இன்னொரு பிரச்சினை.

வந்த பையன் சப்பாத்தை வெளியில் கழற்றிவிட்டு, நனைந்த காலுறையோடு அந்தக் குளிர் தரையில் நின்றான். அம்மா இஞ்சி போட்டு பிளேன்டீ கொடுத்தார். சிஸ்டன் மூடியைக் கழற்றி நேரே தரையில் வைக்காமல், வெடித்துவிடும் என்று பழைய துணி ஒன்று கேட்டு வாங்கி அதன் மேல் வைத்தான். அந்தத் துணியில்தான் நான் விழுந்தேன். இவ்வளவு பக்குவமாக வேலை செய்கிறவன் பொய் சொல்லுவானா? "உள் செட் முழுக்கப் போச்சு அக்கா, நானும் தோட்டத்துப் பிள்ளைதான், உங்ககிட்ட கூட எடுப்பேனா" என்றான். 18,500 ரூபாயை கையில் எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டால் போனுக்கு வரும் என்றான். பழைய வால்வையும் "நான் எறிஞ்சிடுறேன்" என்று பையில் போட்டுக்கொண்டான்.

மூன்றாம் நாள் அதே ஸ்ஸ்ஸ்.

அவனுக்கு எடுத்தால், நுவரெலியாவில் சைட்டில் நிற்கிறானாம், சிக்னல் இல்லையாம். இல்லாத சிக்னலில் எப்படித்தான் கதைத்தானோ. சேவைக்கு எடுத்தால் ஒரு பிள்ளை, "நாங்க ஆளை மட்டும்தான் அனுப்புறோம் மிஸ்". வீடியோ கேட்டார்கள், அனுப்பினேன், பார்த்துவிட்டுப் பதில் இல்லை. மறுநாள் வேறொருவர், உங்கள் தண்ணீர் பிரஷர் கூட, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார். எங்கள் தாங்கி சிஸ்டனுக்கு மேலே 20 அடிதான், அதாவது ஆறு மீட்டர்தான் இருக்கிறது, பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு பார் (பிரஷரை அளக்கும் அலகு) பிரஷரே வரும், யாரிடம் கதை விடுகிறார்கள்! கடைசியில் அந்தப் பையன் இப்போது தங்களிடம் வேலை செய்வதில்லை என்றார்கள். என் முறைப்பாடும் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டிருக்கிறது. யாருக்குத் தீர்ந்தது?

நேற்று பக்கத்து வீட்டு மாமா வந்து பார்த்தார். சிஸ்டனுக்குக் கீழே இருக்கும் குழாயை அடைத்து, ஃப்ளஷ் பண்ணி, வால்வின் தலையைத் திருகிக் கழற்றினார். உள்ளே பத்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு கறுப்பு ரப்பர், அதில் ஒரு பொடி மணல். ரப்பரைக் கழுவினார், திறந்த வால்வின் மேல் கையைப் பொத்தி ஒரு நொடி தண்ணீர் விட்டு மிச்ச மண்ணை வெளியேற்றினார், திரும்பப் பூட்டினார். சத்தம் நின்றது. பத்து நிமிஷம், ஒரு பிளேன்டீ.

அப்புறம் மாமா வால்வின் பக்கத்தைக் காட்டினார். பழுப்பு நிறத்தில் ஒரு தண்ணீர்க் கோடு, நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை. வாங்கி ஒரு வாரம் ஆகாத சாமானில் அப்படிக் கறை வராது. யாரோ வீட்டில் கழற்றியதை எனக்குப் பூட்டியிருக்கிறான், என்னுடையது இப்போது எந்த வீட்டிலோ. டவுன் ஹார்ட்வெயாரில் விசாரித்தேன், புது வால்வே 2,400 ரூபாய். நான் கொடுத்தது 18,500.

என்ன செய்யவேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பில் இல்லாமல் சல்லி கொடுக்காதீர்கள். பழைய பாகத்தைக் கொண்டுபோக விடாதீர்கள். புதிது என்றால் பெட்டியை உங்கள் கண் முன்னே உடைக்கச் சொல்லுங்கள். முதலில் அந்த ரப்பரைக் கழுவிப் பாருங்கள்.

நாளைக்கு நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு எடுக்கப்போகிறேன். பில் இல்லையே என்று கேட்பார்கள், தெரியும். அவன் பேசிய குரல் பதிவு ஒன்று போனில் இருக்கிறது, அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.