18 டாலர் ஓபிடி கருவி: 4 ஆண்டுகளுக்குப் பிறகு

"அண்ணா, என் காரிலும் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. உங்களிடம் இருப்பதைப் போலவே ஒரு கருவி வாங்கிக் குறியீட்டை அழித்துவிட்டேன். விளக்கு போய்விட்டது. நல்ல கருவிதான், இல்லையா?"

போன வாரம் அலுவலகத்தில் கூட வேலை செய்யும் தம்பி ஒருவன் கேட்டது. பழுது என்னவென்று சொல்லும் அந்தக் குறியீடு எது என்றேன். "பார்க்கவில்லையே அண்ணா" என்றான். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 2012 மாடல், இரண்டே இருக்கை, மடக்கும் கூரை, கையால் கியர் மாற்றும் வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃப்ரீமாண்டிலிருந்து நைல்ஸ் கேன்யன் சாலையில் போய்வர மட்டும் வெளியே எடுப்பேன். ஓபிடி என்பது வண்டி தன் பழுதைத் தானே கண்டுபிடித்துக் குறியீடாகச் சொல்லும் ஏற்பாடு. அதைப் படிக்கும் கருவி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைச் சொருகியில் மாட்டும், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. கைப்பேசியுடன் புளூடூத்தில் பேசும். 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாப் பெட்ரோல் கார்களிலும் இந்தச் சொருகி கட்டாயம் என்பதால் அவை எதிலும் மாட்டலாம். உள்ளே, காரின் பேச்சைக் கைப்பேசிக்கு மொழிபெயர்க்கும் இஎல்எம்327 வி1.5 சில்லு இருப்பதாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அசல் சில்லைச் செய்த கனடா நிறுவனம் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. ஆக, பிறப்பிலேயே பொய் சொன்ன கருவி. 18 டாலருக்கு அரிச்சந்திரனையா எதிர்பார்க்க முடியும்?

ஆனால் அது செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லாவிட்டால் எனக்குப் பாவம்.

வாங்கிய வருடமே விளக்கு எரிந்தது. மின்னவில்லை, நிலையாக எரிந்தது. (மின்னினால் அது வேறு கதை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைப் பொசுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போதே ஓரங்கட்ட வேண்டும்.) குறியீடு பி0171. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. விசாரித்தவர்களில் பாதிப்பேர் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்னார்கள். காற்று மிகுதியாக இருக்கிறது என்று கண்டு சொன்னதே அந்தச் சென்சார்தான். புகார் கொடுக்க வந்தவனையே லாக்கப்பில் போடுவதைப் போன்ற யோசனை. நானும் யோக்கியனில்லை. காற்றை அளக்கும் சென்சார் அழுக்காக இருக்கும் என்று நானே முடிவுகட்டி, ஒரு டப்பா துப்புரவுத் திரவத்தை அடித்து, குறியீட்டை அழித்துவிட்டேன். நான்கே நாளில் திரும்பி வந்தது.

அதன்பிறகுதான் ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். வந்த காற்றுக்கு இவ்வளவு பெட்ரோல் என்று கணினி ஒரு கணக்குப் போடுகிறது. கணக்கு உதைத்தால் எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதே ட்ரிம். அவ்வப்போது ஆடுவது குறுகியகால ட்ரிம்; நாளடைவில் படிந்த பழக்கம் நீண்டகால ட்ரிம். வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது என் நீண்டகால எண் கூட்டல் 22. ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 சுற்றில் நிறுத்தினால் 6. அந்த வித்தியாசத்தில்தான் விடை இருந்தது. எங்கேயோ ஓர் ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைகிறது. ஐடிலில் இன்ஜின் மூச்சு இழுப்பதே கொஞ்சம். அதில் ஓட்டைக் காற்று பெரிய பங்கு. வேகம் கூடினால் பெருங்காற்றில் அது கரைந்துவிடும். சென்சார் அழுக்காக இருந்தால் எண்கள் இப்படி இறங்கியிருக்காது.

சட்டைக் கையை மடித்துவிட்டு, சுழலும் பெல்ட்டுக்கு எட்டாத பக்கமாகக் கையை விட்டேன். இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டின் அடியில், இன்ஜினின் அடிப்பெட்டியான கிரான்க்கேஸின் காற்றை உறிஞ்சும் ரப்பர் குழாய் முழங்கையாக வளையும் இடம். கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரிந்தது: காய்ந்து வெடித்த உதடு போல ஒரு பிளவு, "ஸ்ஸ்" என்று தோலை இழுத்தது. கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, மறு கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தேன். நீண்டகால எண் 22-லேயே நின்றது. குறுகியகால எண் 3-லிருந்து மளமளவென்று இறங்கி மைனஸ் 14-க்குப் போனது. விரலை எடுத்தேன், ஏறியது. வைத்தேன், இறங்கியது. சின்னப் பிள்ளை ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதைப் போல ஏழெட்டு முறை செய்திருப்பேன். என் விரல் போட்ட காற்றுக் கணக்கை ஒரு கணினி அந்த நொடியிலேயே ஒப்புக்கொண்டது. இருபது வருடம் கார் ஓட்டியதில் இவ்வளவு மகிழ்ச்சி வேறெதிலும் கிடைத்ததில்லை. குழாய் 23 டாலர்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன்.

இந்தக் குளிர்காலத்தில் மறுபடியும் விளக்கு. பி0456: பெட்ரோல் ஆவி வெளியேறாமல் பிடித்துவைக்கும் அமைப்பில் மிகச் சிறிய கசிவு. மிகச் சிறிய என்றால் அரை மில்லிமீட்டர் துளையளவு. அதை வண்டி தானாகவே கண்டுபிடிக்கிறது என்பது வியப்புதான். டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது, மூடியை மாற்றினேன். கலிஃபோர்னியாவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஸ்மாக் எனும் புகைச் சோதனைக்கு இரண்டு வாரமே இருந்தது. கைப்பேசிச் செயலியின் திரையில் கீழே, கட்டைவிரல் தானாகப் போய் விழும் இடத்தில், சிவப்பாக ஒரு பொத்தான்: "அழி". அழித்தேன்.

அழித்தால் பழுது ஏற்பட்ட கணத்தின் பதிவு போகும், மானிட்டர்கள், அதாவது வண்டி தன் பாகங்களைத் தானே சோதிக்கும் சோதனைகள், எவை முடிந்தன என்ற கணக்கும் போகும். இரண்டும் எனக்குத் தெரியும். ஆவி மானிட்டர் ஒன்று மட்டும் முடியாமல் இருந்தால் ஸ்மாக் சோதனையில் பெட்ரோல் கார்களைத் தேறவிடுவார்கள் என்பதும் தெரியும். மற்றவை முடிந்ததும், செயலி "குறியீடு எதுவும் இல்லை" என்று பச்சையில் சொன்னதை நம்பி மிடுக்காகப் போனேன். தோல்வி. காகிதத்தில் பி0456, நிரந்தரக் குறியீடு.

2010 மாடலிலிருந்து கார்களில் இது இருக்கிறது. எந்தக் கருவியாலும் அழிக்க முடியாது. வண்டியே சோதித்துத் திருப்தியானால்தான் நீங்கும். 2019 ஜூலையிலிருந்து ஸ்மாக் சோதனையில் இதையும் பார்க்கிறார்கள். என் செயலிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அழிக்கத் தெரிந்ததற்கு, அழியாததைக் காட்டத் தெரியவில்லை. நான்கு ஆண்டாக நம்பிய கருவி பச்சை எழுத்தில் பொய் சொன்னது என்பதை இன்னும் என்னால் செரிக்க முடியவில்லை.

சாதாரணக் குறியீட்டை அழித்த பிறகு 200 மைல் ஓட்டி, 15 முறை இன்ஜின் ஆறிச் சூடாகியிருந்தால் அந்தக் குறியீட்டைப் சோதனையில் பொருட்படுத்த மாட்டார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வண்டி, கூரையை மூடிக்கொண்டு, மழையில், 880 நெடுஞ்சாலையின் காலை நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து அலுவலகம் போய் வந்தது. ஆவிச் சோதனைக்காக டேங்க்கைப் பாதியிலேயே வைத்திருந்தேன். இரவெல்லாம் ஆறினால்தான் அந்தச் சோதனை ஓடும் என்று மாலையில் கடைக்குப் போவதைக்கூடத் தவிர்த்தேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும், "இதில் பாட்டு கேட்க வழியே இல்லையா, எண்கள்தானா?" என்றாள்.

இன்னொரு குறை, சிறியதுதான். சொருகியிலேயே விட்டுவிட்டால் நிறுத்தியிருக்கும் காரின் பேட்டரியை உறிஞ்சும். எப்போதாவது எடுக்கும் வண்டி என்றால் மூன்றாவது வாரம் ஜம்ப் கேபிளோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் கட்டைவிரலுக்கு.

அந்தத் தம்பிக்கு நேற்று விளக்கு திரும்பி வந்துவிட்டதாம். அவனுடைய கருவி கைப்பேசியோடு சேர மறுக்கிறதாம். "உங்களுடையதை ஒரு வாரம் தர முடியுமா அண்ணா?" என்றான். முடியாது என்றுவிட்டேன். சனிக்கிழமை காரை இங்கே கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், பொத்தான் எதையும் தொடாமல்.