நெஞ்சுக் கறியா, தொடைக் கறியா?

பல்லடம் பக்கம் குடியிருந்துகொண்டு கோழிப் பேச்சு இல்லாமல் முடியாது. எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் பள்ளிபாளையம் சிக்கன். எலும்பு தொல்லை வேண்டாமென்று மூன்று வாரம் நெஞ்சுக் கறியாகவே வாங்கினேன். சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில் எல்லாம் சரி. கறி மட்டும் சக்கை. அம்மிச்சி ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏங்கண்ணு, பஞ்சையா வறுத்து வெச்சிருக்கற?" என்றார். அன்றிலிருந்து தொடைக்கு மாறிவிட்டேன். அப்புறம்தான் ஒரே கோழிக்குள் இந்த வித்தியாசம் எப்படி என்று தேடினேன்.

நிறம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: நெஞ்சு வெளுப்பு, தொடை சிவப்பு. அந்தச் சிவப்பு ரத்தமல்ல, ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின். தசை என்பது நார்களின் கட்டு. சட்டென்று சுருங்குவது வேக நார், நிதானமாகச் சுருங்குவது மெது நார். கோழியின் நெஞ்சில் கிட்டத்தட்ட எல்லாமே வேக நார்கள். தொடையில் வேகமும் மெதுவும் கலந்திருக்கும். நாய் துரத்தினால் கோழி படபடவென்று மதில்மேல் ஏறுமே, அந்தச் சில நொடிக்குத்தான் நெஞ்சு. ஆக்சிஜனுக்குக் காத்திராமல், தசையில் சேர்த்து வைத்த சர்க்கரையான கிளைக்கோஜனை உடைத்துச் சட்டென்று வேலை செய்யும், சட்டென்று களைத்தும் போகும். நாள் முழுக்க நிற்பதும் குப்பையைக் கிளறுவதும் கால்களின் பாடு. மெது நாரில், ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா அதிகம், சுற்றிலும் நுண் ரத்தக்குழாய்களும் அதிகம், கொழுப்பையும் எரித்துக்கொள்ளும்.

என்னைக் கேட்டால் வேகத்தைவிடப் பெரிய விஷயம் செலவு. கிணற்றில் நிறைகுடத்தைப் பாதியில் நிறுத்திக் கயிற்றைப் பிடித்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒருவர் நொடிக்கொரு தரம் கை மாற்றுகிறார். இன்னொருவர் பிடித்த பிடியை விடாமல் நிற்கிறார். குடம் இரண்டு பேருக்கும் அதே உயரத்தில்தான் தொங்குகிறது, ஆனால் முதலாமவருக்குத்தான் மூச்சு வாங்கும். தசைக்குள் மயோசின் என்ற புரதம் ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கிறது. ஒரு தரம் பற்றி விடுவதற்கு ஒரு ஏடிபி, அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு ஒன்று, செலவு. வேக நாரின் மயோசின் பற்றுவதும் விடுவதுமாக இருக்கும். மெது நாருடையது நீண்ட நேரம் பற்றியே இருக்கும். அதனால் அதே பாரத்தைத் தாங்க மெது நாருக்குச் செலவாகும் ஏடிபி மிகக் குறைவு. போதாததற்கு, சுருங்கத் தூண்டிய கால்சியத்தைச் சுருங்கி முடிந்ததும் திரும்ப அதன் சேமிப்பிடத்துக்குள் ஏற்றும் வேலைக்கும் வேக நார் கூடுதலாகச் செலவழிக்கிறது. பூனையின் கெண்டைக்காலில் சோலியஸ் என்றொரு தசை ஏறக்குறைய முழுக்க மெது நார்தான். நிற்பதற்கென்றே உள்ள தசைக்கு அதுதானே கட்டுப்படியாகும்.

அதற்காகச் சிவப்பெல்லாம் மெது என்று நினைத்துவிடக் கூடாது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். புறாவின் நெஞ்சு நல்ல சிவப்பு, ஆனால் அதில் பெரும்பாலும் வேகமாகச் சுருங்கி, ஆக்சிஜனும் பயன்படுத்தும் இடைப்பட்ட நார்கள். நெடுந்தூரம் பறக்க இரண்டும் வேண்டுமே. முயலின் சிவப்புத் தசையும் வெள்ளைத் தசையும் சுருங்கும் வேகத்தில் வேறுபடுவதை ரான்வியே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1873-லேயே காட்டினார். 1960-ல் பூனைகளில் வேகத் தசைக்கும் மெதுத் தசைக்கும் நரம்பை மாற்றி இணைத்தபோது, தசைகளின் வேகமும் மாறத் தொடங்கியது. ஆக, நார் என்ன வகை என்பதில் நரம்புக்கும் பங்குண்டு.

சமையலில் முழுப் பெருமையையும் நாருக்கே கொடுக்க முடியாது. தொடையில் கொழுப்பும், தசையைக் கட்டி வைக்கும் இணைப்புத் திசுவும் அதிகம். அந்தத் திசுவிலுள்ள கொலாஜன் என்ற புரதம் மெல்ல வெந்து ஜெலட்டினாக இளகுவதால்தான் வாயில் வழுக்குகிறது. நான் சொல்வதும் பண்ணைக் கோழியை வைத்துத்தான். நாட்டுக்கோழி இரண்டே தடவை சமைத்திருக்கிறேன். ஒரு தடவை வேகவே இல்லை.

நெஞ்சை ஒரேயடியாக ஒதுக்கிவிடவில்லை. பையனுக்கு சிக்கன் 65 என்றால் அதுதான் வாங்குகிறேன்: தயிரில் ஊறப் போட்டு, எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் போட்டு, நிறம் ஏறியவுடன் எடுத்துவிட வேண்டும். அம்மிச்சி அதைத் தொடுவதில்லை.