ஃபேஸ்லிஃப்ட்: ஸ்மாஸ் முறையா, டீப் பிளேனா?

முகத்தோலுக்கு அடியில் 'ஸ்மாஸ்' என்றொரு நார்த்தசை அடுக்கு உண்டு. 1976-இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற மருத்துவர்கள் விவரித்தது. தொய்ந்த முகத்தைத் தூக்கி நிறுத்தும் ஃபேஸ்லிஃப்ட் அறுவை முறைகள் வேறுபடுவது இதைக் கையாளும் விதத்தில்தான்.

எளிய ஸ்மாஸ் முறையில் தோலைத் தனியாகப் பிரித்து, அடுக்கை மடித்துத் தைப்பார்கள். தாடையோரம் லேசாகத் தொய்ந்திருந்தால் இதுவே போதும்.

அறுவை மருத்துவர் ஹாம்ரா 1990-இல் விவரித்த டீப் பிளேன் (ஆழ்தள) முறையில் தோலும் ஸ்மாஸும் ஒட்டியபடியே எழும்பும். பிடித்து வைத்திருக்கும் பிணைப்பு நார்களை விடுவித்து, மொத்தமாக மேலேற்றுவார்கள். இழுவை தோலில் விழாததால் காதோரத் தழும்பு விரிவது குறைவு. முகம் விறைப்பாகத் தெரியாது. கன்னம் சரிந்து மூக்கோரக் கோடு ஆழமானவர்களுக்கு என் ஓட்டு இதற்கே. ஆனால் முகநரம்பின் கிளைகள் கத்திக்கு மிக அருகில் ஓடும். கைதேர்ந்தவர் கிடைக்காவிட்டால் ஸ்மாஸே மேல். அப்புறம், தோலடி ரத்தக்கட்டு இரண்டிலும் வரலாம். புகைப்பவர்கள் எந்த முறையானாலும் முன்பே புகையை நிறுத்தியாக வேண்டும்.